இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கடலிலிருந்து கிளாட்வினின் குரல் வந்தது. மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

விஜிலா தட்டவில்லை. அவள் முதல் வரிசையில், மடியில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளாட்வின் அவள் கணவன். மண்டபத்து ஒலிபெருக்கியில் அவன் சொன்னது இதுதான்:

"ஷெர்லி பாப்பா, கிளாட்வின் பேசுதேன். இன்ஜின் உறங்கிட்டு. பின்பக்கம் அடியில விரிசல் விட்டிருக்கு, தண்ணி ஏறுது. ஆன்றோ கோரி ஊத்துதான். முயல்தீவுக்கு வெளிய கிடக்கோம். அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு தெரியுது. கச்சான் காத்து பிடிச்சுக் கிழக்க தள்ளுது. மீட்புப் படகை அனுப்புங்க. சொல்லு."

"என்ன தெளிவு!" என்றார் இயக்குநர் மந்திரமூர்த்தி. "பக்கத்து ரூம்ல இருந்து பேசுற மாதிரி இருக்கு."

"இன்ஜின் உறங்கிட்டு," என்று பேராசிரியர் ஜெபகனி திரும்பச் சொல்லி ரசித்தார். "என்ன அழகான பிரயோகம்."

மண்டபம் கடலோரச் செய்தித் தொடர்பு மேம்பாட்டு மையத்தைச் சேர்ந்தது. கடலில் இருக்கும் வள்ளங்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவதும், ஆபத்து என்றால் மீட்புப் படகு அனுப்புவதும் மையத்தின் வேலை. அன்று தெளிவான தொடர்பு வாரத்தின் நிறைவு விழா. சென்னையிலிருந்து தலைமை விருந்தினர் வந்திருந்தார். காலி நாற்காலி போட்டோவில் விழுந்தால் நன்றாக இருக்காது என்று திரேஸ்புரத்து மீனவப் பெண்களை வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். மீட்புப் படகுக்கு வாழைமரம் கட்டி, பலூன் ஒட்டி, படகுத்துறை ஜெட்டியில் நிறுத்தியிருந்தார்கள். விருந்தினர் கடைசியில் அதற்கு ரிப்பன் வெட்டுவார். அதுவரை அதில் யாரும் ஏறக்கூடாது.

நிகழ்ச்சி நிரலில் 'கடலோடு நேரடி உரையாடல்' என்று ஒன்று இருந்தது. அதற்கு வேறொரு வள்ளத்தைச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வள்ளத்துக்காரர் விருந்தினருக்கு வணக்கம் சொல்லி, கடல் நலமா என்று கேட்டால் நலம் என்பார். அவர் பேசுவதற்கு முன்னால் கிளாட்வின் பேசிவிட்டான்.

விஜிலா எழுந்தாள். "சார், எங்க வீட்டுக்காரவுக. தண்ணி ஏறுதுங்காவ. படகை அனுப்புங்க."

மந்திரமூர்த்தி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சிரித்த முகம். "அம்மா, அவர் பேசிக்கிட்டிருக்கார். ஒருத்தர் பேசும்போது நாம குறுக்க பேசலாமா?"

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் இருந்தது.

"அவுக பேசலியே சார்."

"பேசி முடிக்கல."

மையத்துக்கு ஒரு சொல் உண்டு. ஓவர். வயர்லெஸ்ஸில் பேசுகிறவர் பேச்சை முடித்ததும் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் செய்தி முடிந்ததாகக் கணக்கு. முடிந்த செய்திக்குத்தான் பதில் உண்டு.

தூத்துக்குடியில் அந்தச் சொல்லை அறியாதவர் யாரும் இல்லை. மீன் ஏலத்தில் ஐஸ் தீர்ந்தால் ஐஸ் ஓவர். பரோட்டாக் கடையில் சால்னா தீர்ந்தால் ஓவர் அண்ணாச்சி. மினிபஸ்ஸில் கூட்டம் தொங்கினால் ஓவர் லோடு. மாப்பிள்ளை வீட்டார் பேச்சு ஓவர். பையன்கள் மணலில் ஆறு பந்து போட்டால் ஓவர். பெரியாஸ்பத்திரி வாசலில் ஒருவன் வெளியே வந்து, தலையைக் குனிந்து அதையே சொன்னால் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். கரையில் அது இத்தனைக்கும் ஆகும்.

கடலில் யாரும் அதைச் சொல்வதில்லை. அந்தச் சொல் மேல் தனிக் கோபம் ஒன்றும் இல்லை. வள்ளத்தில் ஏறியபின் முடிவைச் சொல்லும் எந்தச் சொல்லையும் வாயில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். கடலில் சோறு தீராது, நிறையும். விளக்கு அணையாது, குளிரும். இன்ஜின் நிற்காது, உறங்கும். ஆள் கடலில் இருக்கும் நேரத்தில் கரையில் அவன் வீட்டிலும் அதே வழக்கம். விஜிலாவுக்குத் திருமணமான புதிதில் ஒரு தடவை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கிளாட்வின் கரையேறும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

மையம் வருவதற்கு முன்னாலும் வள்ளங்களில் வயர்லெஸ் இருந்தது. பேசி முடித்ததும் 'சொல்லு' என்பார்கள். எதிர்ப்பக்கம் சொல்லும். நாலு பேர் ஒரே சேனலில் பேசினாலும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

மையம் வந்து, குழப்பம் இருப்பதைக் கண்டுபிடித்தது. சாயர்புரத்துக்காரரான ஜெபகனி ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை மொழி ஆலோசகராக்கி வகுப்பு நடத்தினார்கள். வகுப்பில் எல்லாரும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். கிளாட்வின் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னான்.

"இதையேதான் கடல்லயும் சொல்லணும்," என்றார் ஜெபகனி.

"அங்கன சொல்ல மாட்டோம் சார்."

"ஏன்?"

"சொல்லுகது கெடையாது."

"மூடநம்பிக்கை."

"இருக்கட்டும் சார். உங்க பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது வாசல்ல நின்னு ஒருத்தன் 'பெயிலு, பெயிலு'ன்னு சொன்னா சும்மா இருப்பியளா? செவுட்டுல ஒண்ணு வைப்பியள்லா?"

வகுப்பு சிரித்தது. ஜெபகனியும் சிரித்தார். கிளாட்வின் விடவில்லை. "வேற சொல்லு தாங்க சார். இங்கிலீசாவே தாங்க. 'தேங்க்ஸ்'னு முடிக்கச் சொல்லுங்க, முடிச்சிருதோம். 'குட்மார்னிங்'னு சொல்லுதோம், ராத்திரியானாலும் சொல்லுதோம். அது மட்டும் வேண்டாம்."

நியாயமான கோரிக்கை என்று ஜெபகனி அதை மேலே அனுப்பினார். மேலே ஒரு குழு அமைத்தார்கள். குழு கடலைப் பார்க்க வந்து, பார்த்து, மணப்பாட்டில் நண்டு சாப்பிட்டுவிட்டுப் போனது. முடிவு வந்தது: மாற்றுச் சொல் பரிசீலனையில் உள்ளது, அதுவரை இருக்கும் சொல்லே தொடரும், மீனவர்களுக்கு அச்சொல்லைப் பற்றிய விழிப்புணர்வு ஊட்டப்படும். அந்த விழிப்புணர்வுக்காகத்தான் இந்த வாரம்.

இதற்கிடையில் முடியாத செய்திகள் பெருகிவிட்டன. திரேஸ்புரத்து ஜேசுபாதம் ஈஸ்டருக்கு முன்னால் கடலிலிருந்து, ஐஸ் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று பேசினான். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கரைக்கு வந்தான், மீனை விற்றான், மகளைக் கட்டிக் கொடுத்தான். மையத்தின் கணக்கில் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். சேனலை இவ்வளவு காலம் பிடித்து வைத்திருப்பது ஏன் என்று கேட்டு அவன் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. நேரில் போய், நான் கரைக்கு வந்தாயிற்று என்றான். கடலில் தொடங்கிய பேச்சைக் கடலில்தான் முடிக்க முடியும் என்றார்கள்.

முன்பு வயர்லெஸ்ஸில் இருந்த பெண், முடியாத செய்தி ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டாள். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் இடத்துக்கு வந்தவள் ஷெர்லி. அவளோடு புதிய கருவியும் வந்தது. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். கடலிலிருந்து அந்தச் சொல் வந்தால், இயக்குநர் தன் கழுத்தில் தொங்கும் அட்டையைக் கருவியில் காட்டுவார். பொத்தான் பச்சையாகும். பச்சையானால் மைக் உயிர் பெறும், மீட்புப் படகுக்கும் உத்தரவு போகும். சிவப்பாக இருக்கும்வரை மைக் வெறும் தகரம்.

ஷெர்லி மேடையின் ஓரத்தில் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை கட்டச் சொல்லியிருந்தார்கள். விஜிலா அவளிடம் போனாள்.

"ஏளா ஷெர்லி, நீ கேட்டியா இல்லியா?"

"கேட்டேங்க்கா."

"பெறவு?"

"செவப்பா இருக்குக்கா. நான் என்ன பேசுனாலும் அங்கன போய்ச் சேராது." ஷெர்லி மந்திரமூர்த்தியைக் காட்டினாள். "அட்டை அவரு கழுத்துல கெடக்கு."

விஜிலா வெளியே வராந்தாவுக்குப் போய் ஜேசுபாதத்தை செல்போனில் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் வள்ளத்தை இறக்குகிறேன் என்றான். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். கடலுக்குப் போக டோக்கன் வேண்டும். டோக்கன் கொடுக்கும் சாவடியில் மையத்தின் ஆள்தான் உட்கார்ந்திருந்தான்.

"தர மாட்டேங்கான் விஜிலா. நான் ஏற்கனவே கடல்லதான் இருக்கேனாம். கடல்ல இருக்கவனுக்குக் கடலுக்குப் போக எப்படி டோக்கன் குடுக்கன்னு கேக்கான். முன்னால நிக்கேன்லா, பாருலேங்கேன். கம்ப்யூட்டரைப் பாக்கான், மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கான்."

"அண்ணே, ஏதாச்சும் செய்யுங்க."

"டோக்கன் இல்லாம போறேன். பிடிச்சா பிடிக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. நங்கூரம் போட்டிருக்கானா, கயிறு பத்தலயா? எந்தப் பக்கமா தள்ளிக்கிட்டுப் போகுது? அது தெரியாம நான் எங்கனன்னு தேட?"

"கேக்க முடியாதாம்ண்ணே. அவுக பேசிக்கிட்டிருக்காவளாம்."

ஜேசுபாதம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். சொல்லிவிட்டு, உனக்கில்ல தாயீ என்றான்.

அவள் உள்ளே வந்தபோது தலைமை விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். எதிரே மோர் வைத்திருந்தார்கள்.

"மீனவ சகோதரர்களுடைய பேச்சைக் கேட்க யாருமில்லை என்று ஒரு காலம் இருந்தது. இன்றைக்கு நாங்கள் கேட்கிறோம். முழுக்கக் கேட்கிறோம். கடைசிச் சொல்வரை கேட்காமல் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. இவ்வளவு பொறுமையான நிர்வாகத்தை இந்தியாவில் வேறெங்காவது காட்டுங்கள் பார்ப்போம். நான் வாரத்துக்கு ஒரு துறைமுகம் போகிறேன். எங்கேயும் இப்படி ஒரு அமைதி இல்லை. மற்ற இடங்களில் ஒரே சத்தம். உதவி, உதவி என்று கத்துகிறார்கள். இங்கே பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு."

கை தட்டினார்கள். தட்டும் சத்தத்துக்குள் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஷெர்லி, கேக்குதா? புகைக்கூண்டு இப்பம் தெரியல. மேல புகை மட்டும் தெரியுது. நங்கூரக் கயிறு தரை தொடல. ஆன்றோவுக்குக் கை அசந்துட்டு, நான் கோருதேன். பிடிச்சு மிதக்க வெறுங்கேன் ரெண்டைச் சேத்துக் கட்டி வச்சிருக்கோம். எங்களுக்கு ஏதாச்சும் சொல்லு பாப்பா. சொல்லு."

விஜிலாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பிலோமி இருந்தாள். கிளாட்வினின் தம்பி ஆன்றோவின் மனைவி. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் இதுவரை கையில் பிடித்திருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"இது அதே செய்தியோட இரண்டாம் பாகம்," என்று மந்திரமூர்த்தி விருந்தினருக்கு விளக்கினார். "நடுவில கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கார்."

"இடைவெளியும் மொழியின் ஒரு பகுதிதான்," என்றார் ஜெபகனி.

விஜிலா மேடையில் ஏறினாள். தடுக்க வந்த ஊழியரைத் தள்ளினாள். "மைக்கைக் குடுங்க சார். நான் சொல்லுதேன். அந்தச் சொல்லைச் சொல்லுங்கன்னு நானே சொல்லுதேன். எனக்காகச் சொல்லுவாவ."

"நல்ல யோசனை," என்றார் மந்திரமூர்த்தி. "ஆனா மைக் வேலை செய்யணும்னா அவர் முதல்ல சொல்லியிருக்கணும்."

"சொல்லச் சொல்லத்தான சார் மைக்கைக் கேக்கேன்?"

"அதேதாம்மா. அவர்கிட்ட அதைச் சொல்லச் சொல்லணும்னா, அவர் அதைச் சொல்லியிருக்கணும்." அவர் விருந்தினர் பக்கம் திரும்பினார். குரலில் பெருமை இருந்தது. "இந்த முறையில ஓட்டையே கிடையாது சார். நாங்க எல்லாப் பக்கமும் சோதிச்சுட்டோம்."

"ஓட்டை வள்ளத்துல இருக்குய்யா!" என்று கீழே இருந்து பிலோமி கத்தினாள்.

மந்திரமூர்த்தி அதைக் கேட்காதவர்போல் நிரலைப் பார்த்தார். அடுத்தது பேராசிரியர் உரை. ஜெபகனி எழுந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். தலைப்பு: 'ஓவர்: ஒரு சிறு சொல்லின் பெருவாழ்வு'.

"நாம் அஞ்சும் இந்தச் சொல் எவ்வளவு ஏழ்மையான சொல் தெரியுமா? எல்லாரிடமும் வேலை பார்க்கிறது. ஆங்கிலத்தில் பாலத்தின் மேலே நடந்தால் அதற்கு இதுதான். வேலியைத் தாண்டினால் இதுதான். பால் பொங்கி வழிந்தாலும் இதுதான். அடுப்பில் மிஞ்சியதும் இதுதான். ஒரு பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் இது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் இது. படகு கவிழ்ந்தால்கூட இந்தச் சொல்லை வைத்துத்தான் சொல்ல வேண்டும்." அவர் விஜிலாவைக் கனிவாகப் பார்த்தார். "ஒரு துக்கத்திலிருந்து மீண்டு வருவதற்கும் இதே சொல்தானம்மா. அப்படிப் பார்த்தால் இது நம்பிக்கையின் சொல்."

யாரும் கை தட்டவில்லை என்பதைப் பார்த்து விருந்தினர் தட்டினார். பிறகு மேடையில் எல்லாரும் தட்டினார்கள்.

அப்போது மூன்றாவது தடவையாகக் குரல் வந்தது. கிளாட்வினின் குரல் இல்லை.

"மதினி அங்கன இருக்காவளா? ஆன்றோ பேசுதேன். அண்ணன் தண்ணிக்குள்ள எறங்கி விரிசல்ல சாக்கை வச்சு அடைக்கான். கேன் ஒண்ணு கழண்டு போயிட்டு. புகையும் தெரியல இப்பம். சுத்தி ஒண்ணும் தெரியல." கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது. "பிலோமி இருந்தா அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். யாராச்சும் சொல்லுங்க."

மந்திரமூர்த்தியின் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. "பாருங்க சார். ஒருத்தர் செய்தி முடியல, அதுக்குள்ள இன்னொருத்தர் குறுக்கீடு. இதுக்கு விளக்கம் கேட்டாகணும். இவங்களை வச்சுக்கிட்டு எப்படிப் பயிற்சி குடுக்கிறது?"

விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மாலை விமானம். ரிப்பன் வேறு பாக்கி இருந்தது. "இதை எப்படியாவது முடிங்களேன்," என்றார். "அவருக்குப் பதிலா வேற யாராவது அந்தச் சொல்லைச் சொல்ல முடியாதா?"

இதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி அது. குழுவின் உறுப்பினர்கள் எல்லாரும் மேடையிலேயே இருந்ததால் அங்கேயே கூடுவது என்று முடிவாயிற்று. மாலையைக் கழற்றிவிட்டுக் கூடுவதா, போட்டபடி கூடுவதா என்று ஒருவர் கேட்டார். போட்டபடி கூடலாம் என்றார்கள். கடலில் தொடங்கிய பேச்சைக் கரையில் முடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கரையில் முடித்தால் அந்த நேரத்தில் கடல் எங்கே இருந்ததாகக் கொள்வது என்று இன்னொருவர் கேட்டார். அந்நியர் சொன்னால் செல்லாது, நண்பர் சொன்னால் ஆதாரம் வேண்டும், ரத்த உறவு என்றால் சான்றிதழ் வேண்டும் என்று பேச்சு போயிற்று. கடைசியில் ஜெபகனி ஒரு வழி கண்டார். மனைவி. மனைவி சொல்வது கணவன் சொல்வதற்குச் சமம் என்று எல்லா மதமும் ஒப்புக்கொள்ளும் என்றார்.

"சிறப்பு நிகழ்வாக அனுமதிக்கலாம்," என்றார் விருந்தினர். "முன்னுதாரணமா ஆகாதுன்னு பதிவு பண்ணிக்குங்க."

மந்திரமூர்த்தி விழா மைக்கை விஜிலாவிடம் நீட்டினார். "சொல்லுங்கம்மா. ஒரு சொல்தானே."

விஜிலா மைக்கை வாங்கவில்லை.

மண்டபத்தில் திரேஸ்புரத்துப் பெண்கள் ஒருத்தரும் அசையவில்லை. புருஷன் கடலில் இருக்கும்போது அவன் பொண்டாட்டி வாயால் அதைச் சொல்வது அவர்களில் யாரும் கேட்டறியாதது. மற்றவர்கள் சொன்னால் அது சத்தம். அவள் சொன்னால் அப்படியில்லை.

பிலோமி மேடையின் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். "அக்கா, சொல்லாதீய."

"சொல்லாட்டி படகை அனுப்ப மாட்டானுவ பிலோமி."

"சொல்லாதீயக்கா. அவுக ரெண்டு பேரும் வாயில எடுக்கலியே. தண்ணி ஏறுன பெறவும் எடுக்கலியே. நாம சொல்லலாமா?"

"இவனுவளுக்குக் காது இல்லியேளா. இந்த ஒண்ணுதான கேக்கு."

பிலோமி படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டாள். கீழே இருந்த பெண்கள் சிலரும் காதைப் பொத்தினார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

விஜிலா மைக்கை வாங்கினாள். சொன்னாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"பதிவாகலைம்மா," என்றார் மந்திரமூர்த்தி.

மறுபடி சொன்னாள்.

"முதல் எழுத்தைக் கொஞ்சம் வாயைக் குவிச்சு," என்றார் ஜெபகனி. "அவசரப்பட வேண்டாம். இப்ப வேணும்னா நான் சொல்றேன், பின்னால சொல்லுங்க."

விஜிலா அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். அவருடைய மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று மூன்றாவது தடவை சொன்னாள். ஒலிபெருக்கி வீரிட்டது. ஜெபகனியின் கண்ணாடி நழுவி மாலையில் தொங்கியது. மண்டபத்தில் பல்பு ஒன்று லேசாக நடுங்கியது. காதைப் பொத்தியிருந்த பெண்களுக்கும் அது கேட்டது.

"அருமை," என்றார் ஜெபகனி, கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

மந்திரமூர்த்தி அட்டையைக் கழற்றப் பார்த்தார். அட்டையின் கயிறு சந்தன மாலையோடு சிக்கிக்கொண்டிருந்தது. ஊழியர் இருவர் பிரித்துப் பார்த்தார்கள். வரவில்லை. கடைசியில் அவர் கழுத்தோடு கருவியின் முன்னால் குனிந்தார். கும்பிடுபவர்போல் இருந்தது. போட்டோகிராபர் அதையும் எடுத்தார்.

பொத்தான் பச்சையானது. முடிந்த செய்தி ஒன்று பதிவாயிற்று. அந்த வாரத்தில் மையம் முடித்து வைத்த முதல் செய்தி அதுதான். மேடையில் எழுந்து நின்று தட்டினார்கள்.

"படகு?" என்றாள் விஜிலா.

"உத்தரவு போயிடுச்சு. சார் ரிப்பனை வெட்டினதும் கிளம்பிடும்."

விருந்தினரும் குழுவும் ஜெட்டிக்குப் புறப்பட்டார்கள். நாதஸ்வரம் தொடங்கியது. வாசல் வழியாகப் பார்த்தால் பலூன் தெரிந்தது. கத்தரிக்கோல் வைத்த தட்டை முன்னால் எடுத்துப் போனார்கள். போட்டோகிராபர் எல்லாரையும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். ஒருவரை இடதுபக்கம் மாற்றினார். பிறகு மாற்றினவரைத் திரும்ப வலதுபக்கமே வரச் சொன்னார். மேல்காற்றில் ஒரு பலூன் அறுந்து கிழக்கே போயிற்று.

ஷெர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் நாற்காலியிலிருந்து எழுந்து, வயர்லெஸ் மைக்கை விஜிலாவின் கையில் வைத்தாள். "இதை அமுக்கிட்டுப் பேசுங்கக்கா. பேசிட்டு விட்டுருங்க. விட்டாத்தான் அவுக பேசுகது கேக்கும்."

மந்திரமூர்த்தி வாசலில் நின்று திரும்பினார். "அம்மா, பேசி முடிச்சதும் கடைசியில மறக்காம…"

விஜிலா அவரைப் பார்க்கவில்லை. மைக்கை வாயோடு சேர்த்து அமுக்கினாள். பிலோமி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்க, நாந்தான், விஜிலா. ஜேசுபாதம் அண்ணன் வாராவ. படகும் வருது. உங்களுக்குக் கேக்குதா? ஏலே ஆன்றோ, நீயாச்சும் பேசுலே. பிலோமி இங்கனதான் நிக்கா. எங்கன கிடக்கிய, எந்தப் பக்கம் தள்ளுது? சொல்லுங்க."

அவள் கையை எடுத்தாள். இரைச்சல் கேட்டது. மறுபடி அமுக்கினாள்.

"இந்தாங்க. நான் வேற ஒண்ணும் சொல்லல. கேக்குதா? சொல்லுங்க."